ஆயிரம் பீடி, ஒரு மணிக்கட்டு

இரவில் மரத்துப்போகும் கை, மடங்கினால் நிமிராத விரல், தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் சுள்ளென்று இழுக்கும் முழங்கை. பீடிச் சுளகிலிருந்து செல்போன் திரை வரை பரவியிருக்கும் ஒரு வலியின் கதை.

இரவு இரண்டரை மணி இருக்கும். தென்காசி மாவட்டம், கடையம் பக்கத்தில் ஒரு கிராமம். சித்தி வீட்டு வராந்தாவில் படுத்திருந்தேன். உள்ளே பாயிலிருந்து யாரோ எழுந்து உட்காரும் அரவம். பிறகு வளையல் சத்தம், விட்டுவிட்டு. எட்டிப் பார்த்தால், இருட்டில் சித்தி வலது கையைத் தொங்கப்போட்டு உதறிக்கொண்டிருந்தார். பாதரச தெர்மாமீட்டரை நர்ஸம்மா உதறுவாரே, அதே வீச்சு.

"என்ன சித்தி?"

"ஒண்ணுமில்லய்யா. கை மரத்துப்போச்சு. ரெண்டு உதறு உதறுனா சரியாயிரும். நீ படு."

காலையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, இது மூன்று வருடக் கதை. 'வாயு' என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார். 'சத்துக் குறைவு' என்று இன்னொருத்தர். மெடிக்கல் கடையில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தைலம் தேய்த்தாயிற்று, சுளுக்கு எடுத்தாயிற்று. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றும் கை அது என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சித்தியும்தான்.

கணக்கைப் பாருங்கள். பீடிக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். ஒரு பீடிக்கு நனைந்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். தூள் வைத்துச் சுருட்ட வேண்டும். தலையை மடக்கிக் குத்த வேண்டும். நூல் கட்ட வேண்டும். குறைந்தது நாலு வேலை. ஆயிரம் பீடிக்கு நாலாயிரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் இருபத்து நாலாயிரம் தடவை. அத்தனையும் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மணிக்கட்டும் செய்கிற வேலை. தலை குனிந்திருக்கும், சுளகு மடியில் இருக்கும், உடம்பில் வேறு எதுவும் அசையாது.

எலும்பு மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "ராத்திரி எழுந்து கையை உதறுவீங்களா?" ஆமாம் என்றால் பாதி நோய் பிடிபட்டுவிட்டது.

ஒன்பது கயிறு, ஒரு ஒயர்

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பாதிப்புகளை ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.எஸ்.ஐ. என்கிறார்கள். அது ஒரு கூட்டுக் குடும்பம். அதில் அதிகம் பேசப்படுவது 'கார்பல் டனல்'. சித்திக்கு வந்தது இதுதான்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், தோலுக்கு அடியில் ஒரு சிறு சுரங்கம் இருக்கிறது. தரையும் சுவரும் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகள். கூரையாக ஒரு தடித்த நார்ப்பட்டை. இதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் போகின்றன. கூடவே ஒரு நரம்பு. ஒன்பது கயிறு ஓடுகிற குழாய்க்குள் ஒரு ஒயரையும் நுழைத்திருக்கிறது இயற்கை. எந்த எலக்ட்ரீஷியனும் இப்படிச் செய்யத் துணிய மாட்டார்.

கயிறுகள் ஓயாமல் உரசினால் அவற்றின் உறை தடிக்கிறது. எலும்புச் சுவர் விலகாது, கூரையும் விரியாது. நெருக்கடியில் நசுங்குவது இருப்பதிலேயே மென்மையான நரம்பு. தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம்; உள்ளே அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பகலெல்லாம் வேலை செய்த கை நடுராத்திரியில் எழுப்புவது இதனால்தான்.

இதில் துப்பு கொடுப்பது சுண்டுவிரல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிக்கும், ஏனென்றால் அதன் நரம்பு இந்தச் சுரங்கத்துக்கு வெளியே வேறு பாதையில் போகிறது. 'கை முழுக்க மரத்துப்போகுது' என்பவரிடம் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டால் விஷயம் தெளியும்.

முற்றினால் வேறு கதை. கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் சதை வற்றிக் குழி விழும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. டம்ளர் கையிலிருந்து நழுவும். சித்தி வீட்டில் எவர்சில்வர் தட்டுகளின் விளிம்பு அங்கங்கே நசுங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வேலை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம், உடல் பருமன், முடக்குவாதம் எல்லாம் சுரங்கத்தை நெருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

பெட்டிச் செய்தி: வணக்கத்தைத் தலைகீழாகப் போடுங்கள்

இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை முழுக்க மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். முதல் மூன்று விரல்களில் மதமதப்பு ஏறினால் கார்பல் டனல் சந்தேகம். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கைவிரல்களை மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடிப்பகுதியில் உயிர் போகிற வலி வந்தால் அது 'டி குவர்வெய்ன்'. உள்ளங்கை தரையைப் பார்க்க நாற்காலியைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் 'டென்னிஸ் எல்போ'. இவை சந்தேகத்துக்குத்தான், உறுதி செய்ய மருத்துவரும், தேவைப்பட்டால் நரம்பின் மின்வேகத்தை அளக்கும் பரிசோதனையும் வேண்டும். மரத்துப்போவது முதலில் பாதத்தில் தொடங்கினால் சர்க்கரையையும் பி12 அளவையும் பாருங்கள். கழுத்தில் தொடங்கிக் கைக்கு இறங்கினால் பிரச்சினை கழுத்தெலும்பில் இருக்கலாம்.

ராட்டினத்தில் சிக்கும் முடிச்சு

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்திருந்தால் ராட்டினத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் 'டக்'கென்று தாண்டும். விரலிலும் தசைநாண் ஓட அப்படியே ராட்டினம் போன்ற வளையங்கள் இருக்கின்றன. நாண் ஓரிடத்தில் முண்டாகத் தடித்தால், மடக்கிய விரல் நிமிராமல் நின்று, பிறகு 'டக்'கென்று விடுபடும். காலையில்தான் மோசமாக இருக்கும். 'டிரிகர் ஃபிங்கர்' என்கிறார்கள். கத்தரி பிடிப்பவர்களுக்கு வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு எந்த வேலையும் செய்யாமலேகூட வரும்.

கட்டைவிரல் அடியில் வரும் வலிக்கு ஒரு ஸ்விஸ் அறுவை மருத்துவரின் பெயர். ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895-ல் இதை எழுதினார். துணி துவைக்கும் பெண்களின் சுளுக்கு என்றும் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. நம்மூரில் இதை அதிகம் சுமப்பவர்கள் பச்சிளம் குழந்தைகளின் தாய்மார்கள். இரண்டு கட்டைவிரலையும் விரித்து அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குகிறார்கள், நாளெல்லாம், இரவெல்லாம். 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். கட்டைவிரலை விரிக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து அள்ளித் தூக்கினால் பாதி வலி போகும். இதைப் பிரசவ வார்டிலேயே சொல்லி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

எனக்கும் இது வந்தது. குழந்தை தூக்கியதால் இல்லை. பேருந்தில் போகும்போதெல்லாம் செல்போனில் ஒற்றைக் கட்டைவிரலால் கட்டுரை தட்டியதால். முதலில் போன கிளினிக்கில் பத்து நாள் 'நரம்பு ஊசி' போட்டார்கள். யாரும் என் விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த மருத்துவர் கட்டைவிரலை மூடச் சொல்லி முஷ்டியைச் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊசியே போடவில்லை. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, ஆறு வாரம் போனுக்கு விடுமுறை. அவ்வளவுதான்.

டென்னிஸ் எல்போ என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்காத பரோட்டா மாஸ்டர் இல்லை. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது: மாவு பிசைபவர், பிளம்பர், டெய்லர், ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிபவர்.

முந்நூறு வருடப் பழசு

செல்போன் கொண்டுவந்த நோய் என்று பேசிக்கொள்கிறோம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-ல் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். பிறகு சேர்த்த பகுதியில் கணக்குப்பிள்ளைகளின் கை வலிக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே பாங்கில் கை அசைவது, கணக்கு தப்பிவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய் இன்று எழுதினாலும் இதற்கு மேல் எழுத முடியாது.

தந்தி வந்தது, 'தந்திக்காரர் வாதம்' வந்தது. 1908-ல் பிரிட்டன் அதை நஷ்டஈடு தர வேண்டிய தொழில் நோயாக ஏற்றது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டு ஊழியர்களிடையே கை வலிப் புகார்கள் கிடுகிடுவென ஏறி, சில வருடங்களில் இறங்கின. 'இது கையிலா, மனதிலா?' என்று மருத்துவர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. கீபோர்டு தட்டுவதால் மட்டும் கார்பல் டனல் வருகிறதா என்பதில் ஆய்வுகள் தயங்குகின்றன. அழுத்திப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும், அதிரும் கருவிகளைப் பிடிக்கும் வேலைக்கும் எதிரான சாட்சியம் பலமாக இருக்கிறது. ஆனால் மணிக்கட்டு வலி பற்றி வீடியோ போடுவது கீபோர்டுக்காரர்கள். கத்தரிக்காரர்கள் கையை உதறிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

பட்டை, ஊசி, கத்தி

முதல் மருந்து, கார்பல் டனலைப் பொறுத்தவரை, ராத்திரி கட்டும் மணிக்கட்டுப் பட்டை. சில நூறு ரூபாய். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருந்தால் சுரங்கத்துக்குள் அழுத்தம் குறையும். ஒரு சூட்சுமம்: கடையில் கிடைக்கும் பல பட்டைகளில் உள்ளே செருகியிருக்கும் உலோகத் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைத்திருக்கும். அதை உருவி நேராக்கிவிட்டுக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. ஆறு வாரமாவது விடாமல் கட்ட வேண்டும். ரெண்டு நாள் கட்டிவிட்டு 'கேக்கல' என்று மூலையில் எறிந்தால் பட்டை மேல் பழி இல்லை.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. கார்பல் டனல், டிரிகர் ஃபிங்கர், டி குவர்வெய்ன் மூன்றிலும் நன்றாகவே கேட்கும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் எல்போவில் மட்டும் இந்த ஊசி ஏமாற்றுகிறது. போட்ட சில வாரத்துக்கு அற்புதமாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம், அங்கே நடப்பது பெரும்பாலும் வீக்கமில்லை, தசைநாணின் தேய்மானம். அதற்கு மெதுவான பயிற்சி வேண்டும். முன்கையை மேஜை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையால் தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெல்ல மெல்ல இறக்குவது. அலுப்பான வேலைதான். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும்.

சதை வற்றத் தொடங்கிவிட்டால், மதமதப்பு பகலிலும் விடாமல் இருந்தால், தள்ளிப்போடக் கூடாது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சுரங்கத்தின் கூரைப் பட்டையை வெட்டித் திறந்துவிடுவார்கள். கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீடு. பத்துப் பதினாலு நாளில் தையல் பிரிப்பார்கள். பிடியின் பலம் திரும்பச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். ரொம்பத் தாமதித்தால் நரம்பு விடுதலையாகும், வற்றிய சதை திரும்பாது.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது நரம்பு மேல் இருக்கும் அழுத்தத்தை இறக்காது. மாதக்கணக்கில் தின்றால் வயிறும் சிறுநீரகமும் கெடும். வலி தெரியாததால் கை இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பது கூடுதல் நஷ்டம்.

மருந்துக் கடையில் விற்காத மருந்து

எல்லா மருத்துவரும் கடைசியில் எழுதித் தருவது ஒன்றே: கைக்கு ஓய்வு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மெயில். பீஸ் ரேட்டில் வாழ்பவருக்கு ஓய்வின் விலை அன்றைய கூலி, முழுசாக.

திருப்பூரில் பிசிறு வெட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? தைத்து வந்த பனியனில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கையடக்கக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே இருப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அந்தக் கத்தரி திறந்து மூடுவது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, அவ்வளவு வேகம். சரக்கு ஏற்றும் தேதி நெருங்கினால் 'ஒன்றரை ஷிப்ட்', அதாவது பன்னிரண்டு மணி நேரம். அந்த வாரத்தில் யார் போய் 'கை மரத்துப்போகுது' என்று சொல்வது? சொன்னால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் வேறு.

இ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பிடித்தம் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மருத்துவச் சான்று கிடைத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். தகுதியுள்ள பலர் இதைக் கேட்பதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவும் இல்லை. பீடித் தொழிலாளர் நல மருந்தகங்கள் உண்டு. போனால் அரைநாள் பீடி போகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். அவரிடம் பக்கவாதத்துக்குக் கேட்கிறார்கள், முட்டி வலிக்குக் கேட்கிறார்கள். கை மரப்பதைக் கேட்பவர்கள் குறைவு. அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லையே.

பெட்டிச் செய்தி: பட்டியலில் இல்லாத வலி

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய 29 தொழில் நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிகோசிஸ், பஞ்சு தூசியால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் அதில் இருந்தன. திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கை, மணிக்கட்டு, முழங்கைப் பாதிப்பு ஒன்றுகூட இடம்பெறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தன் பட்டியலில் கார்பல் டனலையும் டி குவர்வெய்ன் வகை வலியையும் டென்னிஸ் எல்போவையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டன் தந்திக்காரரின் கையை ஏற்றது 1908-ல். இங்கே 2013-ல் தந்தி சேவைக்கே மூடுவிழா நடந்துவிட்டது.

பட்டியலில் இல்லாதது காகிதச் சமாச்சாரம் என்று தோன்றலாம். பட்டியலில் இருந்தால் முதலாளி தெரிவிக்க வேண்டும், மருத்துவர் எழுத வேண்டும், ஆய்வாளர் எண்ணிக்கை கேட்பார். இல்லாதபோது எண்ணிக்கையே இல்லை. எத்தனை பேர் என்று சொல்ல முடியாத நோய்க்கு யார் நிதி ஒதுக்குவார்?

கத்தரியைக் கொஞ்சம் மாற்றினால்

பெரிய செலவு எதுவும் தேவையில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. மூடினால் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி இருந்தால் விரல்களின் பாதி உழைப்பு மிச்சம். சாணை பிடிக்காத மழுங்கல் கத்தரியைப் போல மணிக்கட்டின் எதிரி வேறில்லை. பிசிறு வெட்டுபவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மடிப்பதற்கு மாற்றிவிடலாம். அதே ஆள், அதே ஷிப்ட், தசைநாண்கள் வேறு. மணிக்கு இரண்டு நிமிடம் கையைத் தளர்த்தச் சொல்லலாம். கம்ப்யூட்டர்காரர்களுக்கு கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும், மேஜை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தாதீர்கள். செல்போன்காரர்கள் பேசியே தட்டச்சு செய்யலாம். தமிழை இப்போது ஓரளவு ஒழுங்காகவே கேட்டு எழுதுகிறது. இந்தக் கட்டுரையில் பாதி அப்படி வந்ததுதான்.

சித்தியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். நரம்புப் பரிசோதனையில் தெளிவாகவே தெரிந்தது. சதை இன்னும் வற்றவில்லை. ராத்திரிப் பட்டை, ஆறு வாரம், கத்தரி பிடிக்கக் கூடாது, தேவையென்றால் அப்புறம் ஊசி என்றார் மருத்துவர். "கத்தரி பிடிக்காம எப்படி சார் பீடி சுத்த?" என்று சித்தி கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் சீட்டில் தேதி எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போயிருந்தேன். அன்று இரவு வளையல் சத்தம் இல்லை. பட்டை கட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சித்தி அசந்து தூங்கினார். காலையில் வராந்தாவில் இரண்டு சுளகு. சித்தி சுருட்டிக் கட்டுவது மட்டும். இலை வெட்டுவது மருமகள், தன்னுடைய ஆயிரத்துக்கும் மாமியாருடைய ஆயிரத்துக்கும் சேர்த்து. பக்கத்தில் சேலைத் தொட்டிலில் ஏழு மாதக் குழந்தை. அது சிணுங்கியதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அதைத் தூக்கி அமர்த்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், கத்தரியை எடுக்கும் முன் வலது கை விரல்களை இரண்டு தடவை விரித்து மடக்கினாள்.

பிறகு அடுத்த இலையை எடுத்தாள்.